தட்டச்சுப் பொறியின் தமிழெழுத்து: ஒரு திறனாய்வு நோக்கு

பழைய தட்டச்சுப் பொறிகளைத் தேடிச் சேர்ப்பதும், அவற்றின் எழுத்துருவங்களை ஒப்பிட்டுச் சுவைப்பதும் இன்று பல நாடுகளில் ஒரு கலையீடுபாடாகவே வளர்ந்துள்ளன. கணினியின் வரவால் அலுவலகங்களினின்று அகற்றப்பட்ட இப்பொறிகள் பழம்பொருட் கடைகளிற் புகலடைந்து, அங்கிருந்து ஆர்வலரின் வீடுகளைச் சென்றடைகின்றன. கண்டி நகரும் இதற்கு விலக்கன்று. பித்தளை விளக்கு, மரப் பெட்டகம், சுவர்க் கடிகாரம் என்பனவற்றின் நடுவே மூடியிழந்த தட்டச்சுப் பொறியொன்று துருவேறிக் கிடப்பதை இந்நகரின் பழம்பொருட் கடைகளிற் காணலாம். அவற்றுட் பல ஆங்கிலப் பொறிகள். சில சிங்களப் பொறிகள். தமிழ்ப் பொறி அரிதாகவே தென்படும். அதனை விலை கேட்போரும் அதன் நிறத்தையும் பழைமையையும் மதிப்பரேயன்றி, அது தாளில் இடும் எழுத்து எத்தகையது என நோக்குவது குறைவு.

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் எழுத்தைப்பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. பழைமையில் நாட்டமுடையோர் அதனை ஓர் இனிய நினைவுச் சின்னமாகக் கொண்டு வியப்பர். கணினி எழுத்துருக்களிற் பழகியோர் அது தமிழெழுத்தின் வடிவைச் சிதைத்த ஒரு கருவி என ஒதுக்குவர். முதலாவது கருத்து ஆராயாது புகழ்கின்றது. இரண்டாவது ஆராயாது இகழ்கின்றது. இவ்விரண்டையும் விடுத்து, அவ்வெழுத்தின் குணங்குற்றங்களை அது தோன்றிய சூழலோடும் அது எழுதிய தாள்களோடும் சேர்த்து மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறியும் எழுத்துருவமும்

விற்பனைக்கெனப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட முதலாவது தட்டச்சுப் பொறியை 1874 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு றெமிங்ரன் நிறுவனம் வெளியிட்டது. துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்த நிறுவனம் அது. அப்பொறி ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்களை மட்டுமே எழுதியது. 1878 இல் வந்த அடுத்த பொறியிலேயே, மாற்று விசையொன்றை அழுத்துவதன்மூலம் ஒரே கோலின் முனையிலிருந்து பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பெறும் வழி அமைந்தது. ஒரு விசைக்கு இரண்டு எழுத்து என்னும் இவ்வரையறை பின்வந்த பொறிகளிற் பெரும்பாலானவற்றுக்கும் உரியதாயிற்று.

பிறிதோர் வரையறையும் உடன்வந்தது. விசையொன்று தட்டப்பட்டதும் தாளைத் தாங்கும் உருளை ஒரு குறித்த அளவு இடப்பக்கம் நகரும். எவ்வெழுத்தாயினும் நகர்வு ஒன்றே. ஓர் அங்குலத்தில் 10 எழுத்து அமைவது ஒருவகை. 12 எழுத்து அமைவது மற்றொருவகை. ஆங்கிலத்தின் மெலிந்த ‘ஐ’ எழுத்துக்கும் பருத்த ‘எம்’ எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள இடமே கிடைத்தது. ஆகவே மெலிந்ததற்குக் கீழே நீண்ட அடிக்கோடு இட்டு அகலமாக்கியும், பருத்ததை நெருக்கி ஒடுக்கியும் எழுத்தமைப்போர் சமன்செய்தனர். தட்டச்சு எழுத்துருவத்திற்கே சிறப்பாயுள்ள அழகு இந்நெருக்கடியிலிருந்து பிறந்ததாகும். ஐ.பி.எம். நிறுவனத்துக்காக 1950களில் ஹவார்ட் கெற்லர் வரைந்த ‘கூரியர்’ எனும் எழுத்துருவம் இவ்வழகின் முதிர்ந்த நிலை எனலாம். பொறி மறைந்த பின்னும் கணினியில் அது வாழ்கின்றது.

சேகரிப்பாளர் மனங்கொள்ளவேண்டிய செய்தியொன்று ஈண்டு உளது. பொறியைச் செய்த நிறுவனமே எழுத்தையும் ஆக்கியது எனக் கொள்ளல் ஆகாது. பெர்லின் நகரத்து றான்ஸ்மயர் அன்ட் றொட்றியன் போன்ற தனி நிறுவனங்கள் எழுத்துக் கட்டைகளை ஆக்கிப் பொறி செய்வோருக்கு வழங்கின. ஆகவே வெவ்வேறு பெயர் தாங்கிய இரு பொறிகள் ஒரே எழுத்தை எழுதலாம்; ஒரே பெயர் தாங்கிய இரு பொறிகள் வெவ்வேறு எழுத்தை எழுதலாம். 1950 இல் வெளிவந்த ஒலிவெற்றி நிறுவனத்தின் ‘லெற்றெரா 22’ எனும் பொறியின் உடலை வடிவமைத்த மார்செல்லோ நிற்சோலியின் பெயர் கலை வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. எழுத்தை வரைந்தோர் பலரின் பெயரோ பொறியின் எப்பகுதியிலும் பொறிக்கப்படுவதில்லை. தமிழெழுத்தைப் பொறிக்கென வரைந்தோருக்கும் இதுவே நேர்ந்தது.

இவற்றோடு ஒவ்வொரு பொறிக்கும் தனிக்குணமும் உண்டு. ஒரு கோல் சற்று வளைந்திருக்கும்; ஓர் எழுத்தின் முனை தேய்ந்திருக்கும்; மற்றொன்று வரியினின்றும் சிறிது மேலெழும். ஆர்தர் கொனன் டொயில் 1891 இல் எழுதிய துப்பறியும் கதையொன்றில், இத்தகைய குறைகளை வைத்தே தட்டச்சுக் கடிதம் ஒன்றை எழுதியவனை ஷேர்லொக் ஹோம்ஸ் கண்டறிகிறான். குறையே அடையாளமாகும் இவ்வியல்பைப் பின்னர்த் தமிழெழுத்தை மதிப்பிடும்போதும் நினைத்தல் வேண்டும்.

247 எழுத்தும் 40 விசையும்

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுபவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 இற் பிறந்த இ. முத்தையா ஆவர். இளமையில் மலாயா சென்று, சிங்கப்பூர் வணிக நிறுவனமொன்றில் எழுதுவினைஞராக உழைத்த இவர், ஆங்கிலப் பொறியோடு நாள்தோறும் பழகியவர். தமிழுக்கும் அத்தகையதொன்று வேண்டுமென முயன்று அவர் வகுத்த விசைப்பலகையைக் கொண்டு, 1930களில் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் செய்டல் அன்ட் நௌமான் நிறுவனம் தமிழ்ப் பொறிகளைச் செய்தது. யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் சிந்தனை, சிங்கப்பூரின் வணிகச் சூழல், ஜேர்மனியரின் உலோகத்திறன் ஆகிய மூன்றும் இணைந்தமையால் எழுந்தது தமிழ்த் தட்டச்சு என்பது நமக்குப் பெருமை தருவதாகும். பெருமை பேசுவதோடு நில்லாது, அவர் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை விளங்கிக்கொள்வதே அவருக்குச் செய்யும் உண்மையான சிறப்பாகும்.

தமிழின் எழுத்துக்கள் 247. இவற்றுள் 216 உயிர்மெய். அச்சுக்கலைக்கு இத்தொகை பெரியதோர் இடராக அமையவில்லை. அச்சுக் கோப்பவன் முன்னுள்ள பேழையில் அறைகளைப் பெருக்கிக்கொள்ளலாம். 1578 இல் கொல்லத்திற் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான காலந்தொட்டுத் தமிழச்சு இவ்வாறே வளர்ந்தது. சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ற் 1862 இல் வெளியிட்ட வின்சுலோ அகராதியின் சிற்றெழுத்துக்கள் எத்துணை நுட்பமானவை என்பதனை அந்நூலைக் கண்டோர் அறிவர். அங்கே ஒவ்வோர் எழுத்தும் தனக்குரிய அகலத்தைப் பெற்றது. தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறிமாறி வந்தன.

தட்டச்சுப் பொறியில் இச்சுதந்திரம் இல்லை. விசைகள் 40 இற்குச் சற்று மேற்பட்டவை. விசைக்கு இரண்டாக ஏறக்குறைய 90 வடிவங்களுக்கே இடமுண்டு. அவற்றுள்ளும் எண்கள், நிறுத்தக் குறிகள், ஜ, ஷ, ஸ முதலிய எழுத்துக்கள் என்பனவற்றுக்கு இடம் ஒதுக்கவேண்டும். தமிழெண்களுக்கு இடமில்லாது போயிற்று.

இவ்விடரைத் தீர்த்த உத்தி ‘நகரா விசை’ என்பதாகும். இவ்விசையைத் தட்டினால் குறி தாளிற் பதியும், உருளை நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்திற் பதிந்து, அதன்பின்னரே உருளை நகரும். புள்ளியும், இகர ஈகாரக் குறிகளும் இவ்வாறு அமைந்தன. எனவே ‘க்’ என எழுத விரும்புவோன் முதலிற் புள்ளியைத் தட்டிப் பின்னர்க் ககரத்தைத் தட்டுகின்றான். கையால் எழுதுவோன் மெய்யை எழுதிப் புள்ளியிடுவான். பொறியோ புள்ளியிட்டு அதன்கீழ் மெய்யை நிறுத்துகின்றது. எழுத்தின் தோற்றம் மாறவில்லை. எழுதும் முறைமை தலைகீழாயிற்று. புள்ளி பெறுதலை மெய்யின் இயல்பாகத் தொல்காப்பியம் கூறுகின்றது. மெய் வருமுன்னரே அதன் புள்ளி வந்து காத்திருக்கும் இவ்வொழுங்கு, தட்டெழுத்தாளரின் விரல்களில் ஒரு புதிய எழுத்திலக்கணத்தைப் பதித்துவிட்டது எனின் மிகையாகாது.

குணமும் குற்றமும்

இனி, இப்பொறி தாளில் இட்ட எழுத்தை மதிப்பிடலாம். முதலிற் குற்றங்களை நோக்குவோம்.

எழுத்துக்கெல்லாம் ஓரிடம் எனும் விதி ஆங்கிலத்தைவிடத் தமிழை மிகுதியாக வருத்தியது. தமிழில் எழுத்தகலங்களின் ஏற்றத்தாழ்வு பெரிது. காலும் ரகரமும் ஒடுங்கியவை. ணகரமும் ஞகரமும் ஐகாரமும் விரிந்தவை. விரிந்த ணகரம் தன் சுழிகளைச் சுருக்கிக்கொண்டு குறுகிய இடத்தில் ஒடுங்க, காலோ இருபுறமும் வெற்றிடம் சூழத் தனித்து நிற்கின்றது. ‘காரணம்’ என்னும் சொல்லைத் தட்டினால், முற்பாதி தளர்ந்தும் பிற்பாதி நெருங்கியும் தோன்றும். ஆங்கில எழுத்தமைப்போர் மெலிந்த எழுத்துக்கு அடிக்கோடு நீட்டியதுபோலத் தமிழின் காலுக்கு ஏதும் நீட்டுதல் இயலாது. நீட்டின் அது வேறெழுத்தாகிவிடும்.

அடுத்துப் புள்ளி. நகரா விசை எப்போதும் ஒரே உயரத்தில், ஒரே நேர்கோட்டிற் குறியிடும். கையெழுத்தில் நாம் எழுத்துக்கேற்பப் புள்ளியை அசைத்துக்கொள்கிறோம். பொறியால் அது முடியாது. டகரத்தின் மேற்புறம் வெறுமையாயிருத்தலின் ‘ட்’ இன் புள்ளி பற்றுக்கோடின்றி வானில் மிதக்கின்றது. இகரக் குறியும் இத்தகையதே. கையெழுத்தில் அது மெய்யின் வலப்பக்கக் கோட்டோடு கூடி ஒரே வீச்சில் முடியும். பொறியெழுத்தில் அது சிலவற்றில் ஒட்டியும் சிலவற்றில் ஒட்டாதும் நிற்கும். டகரத்தில் ஒட்டுதற்கு இடமேயில்லாமையால் ‘டி’, ‘டீ’ இரண்டுக்கும் தனி வடிவம் வகுக்கவேண்டியதாயிற்று. உகர ஊகாரங்கள் பொதுவிதிக்கு அடங்காதவை. ‘கு’, ‘டு’, ‘மு’, ‘ரு’ என்பன ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவின. அவற்றுக்கும் தனி விசை வேண்டும். ஊகாரங்களிற் பல, உகர வடிவத்தோடு துணைக்குறி சேர்த்து அமைக்கப்பட்டன. ஔகாரக் குறியின் பின்னுறுப்பை ளகரத்தாலேயே இட்டமையால் ‘கௌ’ என்பதும் ‘கெள’ என்பதும் தாளில் ஒன்றாயின. எது எதுவெனத் தெளிவது வாசிப்போன் பொறுப்பாயிற்று.

பயன்பாட்டாலும் குற்றங்கள் நேர்ந்தன. தமிழ் சுழிகளின் மொழி. மை நாடாவின் துகள்கள் சுழிகளுள் அடைந்து, ‘ண’ வின் மூன்று சுழிகளும் கரும்பொட்டாகிவிடும். குண்டூசியாலும் தூரிகையாலும் அவற்றைத் துப்புரவு செய்யாத அலுவலகத்தில் ணகரத்தையும் னகரத்தையும் வேறுபிரித்தறிதல் அரிது. கூரிய புள்ளி தாளைத் துளைப்பதும் உண்டு. றோனியோ எடுப்பதற்கான மெழுகுத் தாளில் இத்துளை பெரிதாகி, பிரதிகள்தோறும் புள்ளிக்குப் பதில் ஒரு மைக்கறை விழும்.

இவ்வளவும் குற்றமெனின் குணம் யாது? முதலாவது, கோட்டின் ஒருமைப்பாடு. அச்செழுத்தின் தடிப்பும் மெலிவும் நீங்கி, ஒரே பருமனுள்ள கோட்டால் எழுத்துக்கள் அமைந்தன. இதனால் ட, ப, ம, ய போன்ற நேர்கோட்டு எழுத்துக்கள் அச்சிலுங் காணாத ஒரு திண்மையைப் பெற்றன. ‘பட்டம்’, ‘பாடம்’ போன்ற சொற்கள் தட்டச்சுத் தாளிற் செதுக்கியவைபோல் நிற்கும். தமிழெழுத்தின் எலும்புக்கட்டை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய எழுத்துருவம் அதற்கு முன் அரிதெனலாம். இரண்டாவது, சந்தத்தின் தெளிவு. சமநகர்வு தமிழ்ச் சொல்லின் நீளத்தைக் கண்ணுக்குக் காட்டுகின்றது. ‘கொ’ என்பது கொம்பு, மெய், கால் என மூன்றிடம் கொள்ளும். ‘கி’ ஓரிடமே கொள்ளும். எழுத்தின் உறுப்புக்களைத் தனித்தனியே எண்ணி அடுக்கும் இவ்வமைப்பு, நம்மெழுத்து எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பதனைக் கற்பிக்கின்றது. மூன்றாவது, அழுத்தத்தின் மெய்ம்மை. விரலின் வன்மை தாளிற் பதிகின்றது. வலுவிழந்த சிறுவிரல் தட்டிய எழுத்து மங்கியும், சுட்டுவிரல் தட்டியது கறுத்தும் இருக்கும். விசைப்பலகையின் நடு வரிசையில் இடக்கைக்குரிய ய, ள, ன, க என்பவற்றைத் தொடர்ந்து நோக்கின், தட்டியவர் பயின்றவரா பயிலாதவரா என்பதனை ஊகிக்கலாம். அச்சுத் தாளில் மனிதன் மறைகின்றான். தட்டச்சுத் தாளில் அவன் பாதி தெரிகின்றான்.

ஆகவே தட்டச்சுத் தமிழின் அழகு முழுமையின் அழகன்று. போதாத இடத்தில் நிற்கவேண்டிய எழுத்து, தன்னை இழக்காது நின்றதன் அழகு அது. அதன் குறைகளை அறியாது அழகை மட்டும் சுவைத்தல் இயலாது.

எழுத்து வளைந்ததா? பொறி வளைந்ததா?

எழுத்துக்காகப் பொறி மாறவேண்டுமா, பொறிக்காக எழுத்து மாறவேண்டுமா என்னும் வினா தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1890களில் எட்வின் மக்பார்லண்ட் தாய்லாந்து மொழிக்கு முதற் பொறியை அமைத்தபோது, இடம் போதாமையால் இரு மெய்யெழுத்துக்களை விட்டுவிட்டார் என்றும், அவ்விரண்டும் நாளடைவில் வழக்கொழிய அதுவும் ஒரு காரணமாயிற்று என்றும் கூறுவர். பொறி ஒரு மொழியின் நெடுங்கணக்கையே குறைக்கவல்லது என்பதற்கு இது சான்றாகும்.

தமிழில் எழுத்துச் சீர்திருத்தக் கருத்துப் பொறியினால் மட்டும் எழுந்ததன்று. பெரியார் ஈ.வெ.ரா. 1935 இலேயே தமது ‘குடி அரசு’ இதழிற் புதிய வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். அவற்றுட் சிலவற்றைத் தமிழ்நாடு அரசு 1978 இல் ஏற்றது. ணா, றா, னா என்பன பழைய கூட்டு வடிவை விடுத்துக் கால் பெற்றன. ணை, லை, ளை, னை என்பன யானைத் துதிக்கை போன்ற பழைய வளைவை விடுத்து ஏனைய எழுத்துக்களுக்குரிய ஐகாரக் கொம்பைப் பெற்றன. இலங்கையில் இம்மாற்றம் படிப்படியாகவே பரவியது. சேகரிப்பாளருக்கு இது பயன்தரும் ஓர் அளவுகோல். பழைய கூட்டு வடிவங்களுக்குத் தனி விசையுள்ள பொறி 1978 இற்கு முற்பட்ட மரபைச் சார்ந்தது என ஊகிக்கலாம்.

சீர்திருத்தத்தை ஆதரித்தோர் அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது எளிது என்றனர். எதிர்த்தோர் மரபு கெடும் என்றனர். இருசாராரும் முத்தையாவின் முயற்சியை ஊன்றி நோக்கின் வேறொரு பாடத்தைக் கற்கலாம். அவர் எழுத்தைக் குறைக்குமாறு மொழியைக் கேட்கவில்லை. நகராது நிற்குமாறு பொறியைக் கேட்டார். உருளை ஒரு கணம் நகராது நின்றமையாற் புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும் தம் இடத்தைப் பெற்றன. மரபைக் காத்தல் என்பது புதுமையை மறுத்தலன்று. புதுமை செய்யுங் கருவியிடம் நமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறுதலாகும். நம் அயலிலுள்ள சிங்களமும் வட்ட வடிவும் மேலுங்கீழும் குறிகளும் உடைய எழுத்தாகையால் ஒத்த இடர்ப்பாட்டை எதிர்கொண்டது. விஜேசேகர என்பாரின் பெயரால் வழங்கும் விசைப்பலகை அம்மொழியாளர் கண்ட தீர்வு. ஒரே மேசையில் இவ்விரு பொறிகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பு, இருமொழியும் புழங்கும் கண்டி போன்ற நகரிலுள்ள சேகரிப்பாளருக்கே எளிதிற் கிட்டுவதாகும்.

யாருக்கு எழுதிய எழுத்து?

இதுவரை எழுத்தின் வடிவத்தை நோக்கினோம். அவ்வடிவம் யாருக்கு எதனை எழுதியது என்னும் வினா எஞ்சியுள்ளது. இவ்வினாவை விடுத்து எழுத்துருவச் சுவையை மட்டும் பேசுவது, இலக்கியத்தில் உள்ளடக்கத்தை விடுத்து ஓசையை மட்டும் பேசுவது போன்றதாகும்.

இலங்கையிற் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் 1956 இல் இயற்றப்பட்டது. தமிழின் உபயோகத்துக்கான விசேட ஏற்பாடுகள் சட்டம் 1958 இல் வந்தது. அதன் ஒழுங்குவிதிகள் 1966 இலேயே நிறைவேறின. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. இச்சட்டங்களைப்பற்றி நாம் நிறையப் பேசுகின்றோம். ஆனால் ஒரு சட்டம் குடிமகனின் வீட்டு வாயிலை அடைவது கடிதமாகவே. அலுவலகத்திலே தமிழ்ப் பொறி ஒன்றும் அதனை இயக்கத் தட்டெழுத்தாளர் ஒருவரும் இல்லாதவிடத்து, சட்டத்திலுள்ள தமிழ் தாளில் இறங்காது. மொழியுரிமை என்பது இறுதியில் ஒரு மேசை, ஒரு பொறி, ஒரு சம்பளப் பட்டியற் பெயர் என்னும் மூன்றாகச் சுருங்குகின்றது. இந்நோக்கில், ணகரச் சுழி அடைபட்ட அரச கடிதமொன்றின் மங்கிய தமிழெழுத்தும் மதிப்புடையது. அது வரவேயில்லாத பல கடிதங்களை நினைவூட்டுகின்றது.

கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டில் இவ்வுண்மை மேலும் கூர்மையாகின்றது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர், தம் இருப்பை நிறுவுதற்குத் தாள்களையே தேடி அலைந்தனர். 1949 இன் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கவும், மறுக்கப்பட்டோர் முறையிடவும் தாள் வேண்டியிருந்தது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. இவ்வெண்களின் பின்னே குடும்பந்தோறும் ஒரு கோவை இருந்தது. அக்கோவையின் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. தோட்டத்துத் துரையின் அலுவலகத்திலும் நகரத்துச் சட்டத்தரணியின் அறையிலும் ஒலித்தது ஆங்கிலப் பொறியே. தமிழிற் பேசி, தமிழில் அழுது, தமிழிற் கையெழுத்திட அறிந்தோரும் அறியாதோரும் தமக்கு விளங்காத எழுத்தில் தம் வாழ்வு தட்டப்படுவதைப் பார்த்து நின்றனர். இன்று கடையிலே அழகாகத் துடைத்து வைக்கப்பட்டுள்ள ஆங்கிலப் பொறியை நோக்கும்போது, இதனையும் நினையாதவர் அப்பொறியைப் பாதியே அறிந்தவராவர்.

தமிழ்ப் பொறி தனது தொண்டை வேறிடங்களில் ஆற்றியது. தொழிற்சங்கச் சுற்றறிக்கை, பாடசாலை அறிவித்தல், கோயிற் சபைக் கூட்டக்குறிப்பு, றோனியோவில் எடுத்த விரிவுரைக் குறிப்பு, தமிழில் எழுதிய பல்கலைக்கழக ஆய்வேடு ஆகியன அதன் இலக்கியம். அச்சேறும் வசதியற்றோரின் அச்சகம் அதுவே. காபன் பிரதியாக நாலைந்து தாளில் நின்று, பின்பு அழிந்த எழுத்துக்கள் எத்தனையோ. பழைய ஆய்வேடுகளிற் பொறி விட்ட புள்ளியையும், பொறியில் இல்லாத குறியையும் ஆசிரியர் தம் பேனாவால் இட்டிருப்பதைக் காணும்போது, பொறியும் கையும் ஒரே வரியிற் கூடி உழைத்தமை புலனாகும். பதிப்பித்த நூலில் இக்காட்சி கிட்டாது.

சேகரிப்பின் அறம்

இவற்றால் நாம் பெறும் முடிபு யாது? பொறியைச் சேர்த்தல் நன்று. பொறியை மட்டும் சேர்த்தல் போதாது. ஹந்தானை மலையில், 1925 இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமொன்று இன்று தேயிலை அரும்பொருளகமாக விளங்குகின்றது. அங்கே தேயிலையை உருட்டிய இயந்திரங்கள் பேணப்படுகின்றன. வேண்டியதே. ஆயினும் இயந்திரம் பேணப்படுமளவுக்கு, அதனை இயக்கியோர் எழுதியவையும் எழுதுவித்தவையும் பேணப்படுகின்றனவா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. இரும்பு துருப்பிடித்தாலும் நிற்கும், தாள் நில்லாது. மலைநாட்டின் ஈரமும் பூஞ்சணமும் கறையானும் ஓராண்டிற் செய்வதனை மீட்டல் அரிது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதைக் கண்ட சமூகம் தாளின் அருமையைப் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை. 2005 தொடக்கம் ‘நூலகம்’ எனும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் காத்துவருகின்றது. தட்டச்சுத் தாள்களும் அவ்வழிச் செல்லத்தக்கன.

சேகரிப்பாளர் செய்யக்கூடியவை எளியன. ஒரு தமிழ்ப் பொறி கைக்கு வந்ததும், அதனைத் துடைத்து மெருகிடுமுன், அதன் எழுத்துக்கள் யாவற்றையும் மாற்று விசையோடும் இன்றியும் ஒரு தாளிற் பதித்துவைத்தல் வேண்டும். சுழியில் அடைந்த துகளைப் போக்கியபின் மற்றுமொரு தாள் எடுத்தல் வேண்டும். முதற்றாள் பொறியின் வாழ்க்கையைக் கூறும்; இரண்டாவது எழுத்தமைத்தோனின் எண்ணத்தைக் கூறும். அப்பொறி எவ்வகை அலுவலகத்தில் இருந்தது, எவ்வகை வேலைக்குப் பயன்பட்டது என்பதனையும் குறித்தல் வேண்டும். அப்பொறியிலே தட்டிய பழைய தாள் ஒன்றாயினும் கிட்டின், அதனைப் பொறியினும் பெரிதாகப் போற்றுதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் பொறி வாங்கப் பணமற்றவை. பதிவுத் தாள்களைத் திரட்டப் பணம் வேண்டுவதில்லை. கம்பளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் உள்ள நம் வீடுகளின் பெட்டகங்களைத் திறக்கும் பொறுமையே வேண்டும்.

பொறி மறைந்தது எனினும் அதன் ஒழுங்கு மறையவில்லை. இலங்கைத் தமிழர் கணினியிற் பெரிதும் கையாண்ட ‘பாமினி’ எழுத்துருவின் விசையொழுங்கு தட்டச்சுப் பொறியின் ஒழுங்கைத் தழுவியது. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்யாகும் இலக்கண நெறியில் அமைந்த ‘தமிழ் 99’ எனும் விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு 1999 இல் ஏற்றுக்கொண்ட பின்னரும், பழைய ஒழுங்கிற் பழகிய விரல்கள் அதனை எளிதில் விடவில்லை. நகரா விசையின் தேவை ஒழிந்த கணினியிலும் அதன் நிழல் நம் விரல்களில் உள்ளது. ஆகவே தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆராய்வது இறந்த பொருளொன்றை ஆராய்வதாகாது. இன்று நாம் எழுதும் முறையின் முன்வரலாற்றை ஆராய்வதாகும்.

தட்டச்சுத் தமிழெழுத்து அழகியதா என வினவுவோர்க்கு, ஆம் என்றே விடைகூறலாம். ஆயின் அவ்வழகு, எழுத்துக்குப் போதாத இடத்தையும், அவ்விடத்தைப் பெற ஒருவர் செய்த முயற்சியையும், அவ்வெழுத்து வந்தடையாத வாயில்களையும் ஒருங்கே அறிந்தவர்க்கே புலனாவது. அவ்வறிவோடு சேர்க்கப்படும் பொறியே அரும்பொருள், ஏனையது தளபாடம்.